நெருக்கடிக்கால லிபிய எழுத்து

நெருக்கடிக்கால லிபிய எழுத்து என்பது, வட ஆப்பிரிக்க நாடான லிபியாவில் ஒடுக்குமுறை, சிறை, உள்நாட்டுப் போர், மின்தட்டுப்பாடு, பணத்தட்டுப்பாடு ஆகியவற்றினூடே வாழ்ந்துகொண்டே தனிமனிதர்கள் எழுதிய கதை, கவிதை, கடிதம், நாட்குறிப்பு, செய்திக் குறிப்பு முதலியவற்றை இக்கட்டுரையில் குறிக்கும். இது ஓர் இலக்கிய இயக்கத்தின் பெயரன்று. இவ்வெழுத்தாளர்களுக்குள் பொதுவான கொள்கையோ அமைப்போ இருந்ததில்லை. எழுதுவதற்குத் தேவையான ஏதேனும் ஒரு பொருள் ஒவ்வொரு காலகட்டத்திலும் அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டது என்பதே அவர்களுக்கிடையே உள்ள ஒற்றுமை. ஒரு காலத்தில் அது தாளாக இருந்தது. பிறகு தொலைத்தொடர்பு இணைப்பாகவும், மின்சாரமாகவும், சொந்தப் பெயரில் எழுதும் துணிவாகவும் மாறியது. ஆகவே இக்கட்டுரை படைப்புகளின் இலக்கியத் தரத்தைவிட, அவை எந்நிலையில் எழுதப்பட்டன என்பதையே முதன்மையாகக் கருதுகிறது.

பின்னணி

லிபியா 1951 ஆம் ஆண்டு டிசம்பர் 24 ஆம் நாள் விடுதலை பெற்றது. 1969 செப்டம்பர் 1 அன்று முஅம்மர் கடாபி தலைமையிலான இளம் படை அதிகாரிகள் மன்னர் இதிரிசின் ஆட்சியைக் கவிழ்த்தனர். 1972 ஆம் ஆண்டின் 71 ஆம் எண் சட்டம் அரசியல் கட்சிகளைக் குற்றமாக்கியது. 1973 ஏப்ரல் 15 அன்று சுவாரா நகரில் ஆற்றிய உரையில் கடாபி "பண்பாட்டுப் புரட்சி" ஒன்றை அறிவித்தார். அதைத் தொடர்ந்து ஏற்கத்தகாதவை எனக் கருதப்பட்ட நூல்கள் நூலகங்களிலிருந்து அகற்றப்பட்டு எரிக்கப்பட்டன. எழுத்தாளர்கள் பலர் கைதாயினர். செய்தித்தாள்கள் முற்றிலும் அரசின் கைக்குச் சென்றன.

இவ்வாட்சியில் பெயர் என்பதே ஐயத்துக்குரிய ஒன்றாக இருந்தது. கால்பந்து வருணனையாளர்கள் ஆட்டக்காரர்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடாமல், சட்டையிலுள்ள எண்ணைக் கொண்டே குறிப்பிட்ட காலம் ஒன்று உண்டு. தலைவரைத் தவிர வேறெவரும் புகழ் பெறுதல் கூடாது என்பதே இதன் காரணமாகக் கூறப்படுகிறது. இது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் தன் பெயரை நூலின் அட்டையில் காண விரும்பும் எழுத்தாளருக்கு இச்சூழலில் என்ன இடம் இருந்திருக்கும் என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம். 1980களின் நடுவில் பள்ளிகளிலிருந்து ஆங்கிலப் பாடமும் நீக்கப்பட்டது. ஒரு தலைமுறையினர் வெளியுலகத்துடன் நேரடியாக உரையாடும் வாய்ப்பை இதனால் இழந்தனர். அத்தலைமுறையின் எழுத்து வெளிநாட்டார் கண்ணில் அதிகம் படாமைக்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

சிறையில் எழுத்து

1976 இல் பெங்காசி, திரிப்போலி பல்கலைக்கழகங்களில் மாணவர் கிளர்ச்சி எழுந்தது. 1977 ஏப்ரல் 7 அன்று பெங்காசியில் பொதுமக்கள் முன்னிலையில் தூக்குத் தண்டனைகள் நிறைவேற்றப்பட்டன. 1978 இன் இறுதியில், மறைந்த கவிஞர் அலி அல்-ருகையீயின் நினைவாகக் கூடிய இளம் எழுத்தாளர்கள் பெருந்தொகையாகக் கைது செய்யப்பட்டனர். தடை செய்யப்பட்ட அமைப்பொன்றை உருவாக்கியதாக அவர்கள்மீது குற்றம் சாட்டப்பட்டது. சிறுகதையாளர்களான உமர் அல்-கிக்லி, ஜும்ஆ புக்லீப், எழுத்தாளர் அகமது அல்-ஃபைத்தூரி ஆகியோர் அவர்களுள் அடங்குவர். ஏறத்தாழப் பத்தாண்டுகள் சிறையிலிருந்த இவர்கள் 1988 மார்ச்சில் விடுதலையாயினர். நூற்றுக்கணக்கான அரசியல் கைதிகள் அன்று வெளிவந்தனர். அந்நிகழ்வில் கடாபி தாமே புல்டோசரில் ஏறிச் சிறைச் சுவரை இடித்தார். எனினும் நாட்டில் சிறைகள் குறைந்துவிடவில்லை.

சிறைக்குள் தாளும் எழுதுகோலும் எளிதில் கிடைப்பவை அல்ல. விடுதலையானோர் பின்னாளில் எழுதிய நினைவுக் குறிப்புகளில் சிகரெட் பெட்டிகளின் தாள்கள் திரும்பத் திரும்ப இடம்பெறுகின்றன. அத்தாளில் மிக நுண்ணிய எழுத்துகளில் எழுதி, மடித்து, அறைக்கு அறை கைமாற்றினர். சோதனையின்போது சிக்கினால் எழுதியவர் மட்டுமன்றி வைத்திருந்தவரும் தண்டனை பெறுவார். நீண்ட வாக்கியத்துக்கு அத்தாளில் இடமில்லை. இவர்களில் பலர் பிற்காலத்தில் மிகக் குறுகிய கதைகளையும் துண்டுக் குறிப்புகளையும் எழுதியதற்கு இப்பழக்கம் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். தாள் இல்லாதபோது நினைவே தாளாயிற்று. ஒருவர் இயற்றியதை மற்றவர்கள் மனப்பாடம் செய்து வைத்துக்கொண்டனர். வாய்மொழிக் கவிதை இன்றும் வழக்கில் உள்ள சமூகத்தில் இது புதிய முறை அன்று.

நாடகாசிரியரும் புதின ஆசிரியருமான மன்சூர் புஷ்னாஃப் 1976 முதல் 1988 வரை, ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள், சிறையில் இருந்தவர். அவருடைய முதல் புதினம் 2008 இல் வெளிவந்தது. அதன் தலைப்பு "சூயிங் கம்" என்று பொருள்படும். மெல்வதைத் தவிர வேறெதுவும் செய்ய இயலாத ஒரு சமூகத்தைப் பற்றிய அக்கதை லிபியாவில் தடை செய்யப்பட்டது.

சிறை எழுத்தின் மற்றொரு வடிவம் கடிதம். அரசின் எதிர்ப்பாளரான ஜபல்லா மத்தர் 1990 இல் எகிப்தின் தலைநகரான கெய்ரோவில் கடத்தப்பட்டு லிபியாவிடம் ஒப்படைக்கப்பட்டார். திரிப்போலியின் அபூ சலீம் சிறையிலிருந்து அவர் எழுதிய சில கடிதங்கள் 1990களில் இரகசியமாக வெளிக்கொணரப்பட்டுக் குடும்பத்தினரைச் சென்றடைந்தன. அதன்பின் அவரைப் பற்றிய உறுதியான செய்தி இல்லை. 1996 சூன் இறுதியில் அச்சிறையில் 1,200க்கும் மேற்பட்ட கைதிகள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களுள் அவரும் ஒருவரா என்பது நிறுவப்படவில்லை. கொல்லப்பட்டோரின் குடும்பத்தினர் பலருக்குப் பல ஆண்டுகள் வரை இச்செய்தி தெரிவிக்கப்படவே இல்லை. இறந்துபோன மகனுக்காக உணவும் உடையும் சிறை வாயிலில் கொடுத்துவந்த தாய்மார்களும் இருந்தனர். ஜபல்லாவின் மகன் ஹிஷாம் மத்தர் தந்தையைத் தேடிய வரலாற்றை எழுதிய நூல் 2016 இல் வெளியாகி, 2017 இல் புலிட்சர் பரிசைப் பெற்றது.

2000களில் இணையம் பரவியபோது நாட்டினுள் இருந்தபடியே வெளிநாட்டு இணையத்தளங்களுக்கு எழுத முடிந்தது. ஆனால் பாதுகாப்பு கூடிவிடவில்லை. அரசு நாளிதழ் ஒன்றில் பணியாற்றி, பின் அதிலிருந்து விலகி ஊழலைப் பற்றி எழுதிய பெங்காசிச் செய்தியாளர் தைஃப் அல்-கசால் 2005 மே மாதம் கடத்திக் கொல்லப்பட்டார். அவருடைய விரல்கள் வெட்டப்பட்டிருந்ததாக மனித உரிமை அமைப்புகள் தெரிவித்தன.

2011: துண்டிக்கப்பட்ட வலையமைப்பு

அபூ சலீம் குடும்பங்களின் வழக்கறிஞர் ஃபத்ஹி தெர்பில் 2011 பெப்ரவரி 15 அன்று பெங்காசியில் கைது செய்யப்பட்டதை அடுத்துக் கிளர்ச்சி வெடித்தது. பெப்ரவரி 18 இரவு முதல் நாட்டின் இணைய இணைப்பு விட்டுவிட்டு நிறுத்தப்பட்டது. மார்ச் 3 முதல் ஏறத்தாழ முழுமையாக நின்றது. திரிப்போலி கிளர்ச்சியாளர் வசமான ஆகஸ்ட் மாதம் வரை பெரும்பாலான மக்களுக்கு இணையம் இல்லை.

ஒரு நாடு முழுவதற்கும் இவ்வளவு எளிதாக இணைப்பைத் துண்டிக்க முடிந்தது எவ்வாறு என்பதை மாணவர்கள் அறிந்துகொள்ளுதல் நன்று. லிபியாவின் வெளிநாட்டு இணைப்பு, அரசுக்கு உரிய ஒரே நிறுவனத்தின் வழியாகச் சென்றது. கைப்பேசி நிறுவனங்களும் அரசுக்கே உரியவை. அழைப்புகளை வழிப்படுத்தும் மையக் கருவிகள் திரிப்போலியில் இருந்தன. பெங்காசியில் ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்குச் செய்யும் அழைப்புங்கூடத் தலைநகரின் அனுமதியைப் பெற்றே இணைந்தது. எனவே தலைநகரில் ஒரு விசையை அணைத்தால் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலும் பேச்சு நின்றுவிடும்.

இதற்கு இரு விடைகள் கிடைத்தன. பெங்காசியைச் சேர்ந்த முகம்மது நப்பூஸ் என்னும் இளைஞர் செயற்கைக்கோள் இணைப்பு ஒன்றை அமைத்து, நகர நீதிமன்றப் பகுதியிலிருந்து இணையவழி ஒளிபரப்பைத் தொடங்கினார். "லிபியா அல்-ஹுர்ரா" எனப்பட்ட இது கடாபி ஆட்சியின் பிடிக்கு வெளியே அமைந்த முதல் லிபிய ஒளிபரப்புகளுள் ஒன்று. அரசுப் படைகள் நகரைத் தாக்கிய மார்ச் 19 அன்று, நிகழ்வுகளைப் பதிவு செய்துகொண்டிருக்கையில் அவர் சுடப்பட்டு இறந்தார்.

மற்றொரு விடை பொறியியல் சார்ந்தது. லிபிய வம்சாவளியைச் சேர்ந்த தொலைத்தொடர்புத் துறையினரான ஒசாமா அபூசகூர் என்பவர் தலைமையில் ஒரு குழு, "லிபியானா" கைப்பேசி வலையமைப்பின் கிழக்குப் பகுதியை மட்டும் தனியே பிரித்தெடுத்தது. முதல் வரைபடத்தை அவர் விமானப் பயணத்தின்போது கைதுடைக்கும் தாளில் வரைந்ததாகச் செய்திகள் கூறின. கோபுரங்கள் கெடாமல் இருந்தன. இல்லாதது அவற்றின் மூளை. எந்த எண் யாருக்கு உரியது, அவர் அவ்வேளையில் எந்தக் கோபுரத்தின் எல்லைக்குள் உள்ளார் ஆகிய விவரங்களைக் கொண்ட பதிவேடு திரிப்போலியில் இருந்தது. அதற்கு ஈடான கருவிகளை வெளிநாட்டிலிருந்து தருவித்து, சந்தாதாரர் தரவுகளை மீட்டு அவற்றில் ஏற்றினர். வெளிநாட்டு அழைப்புகளுக்குச் செயற்கைக்கோள் வழி பயன்பட்டது. ஏப்ரல் தொடக்கத்தில் இது இயங்கத் தொடங்கியது. மக்கள் தங்கள் பழைய எண்களையே பயன்படுத்தினர். உள்ளூர் அழைப்புகளுக்குக் கட்டணம் இல்லை. போர்க்களத்துக்கு நடுவே இயங்கும் வலையமைப்பொன்றை இரண்டாக வெட்டி உயிர்ப்பித்த இச்செயல், தொலைத்தொடர்பு வரலாற்றில் இன்னும் விரிவாக எழுதப்பட வேண்டியது என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து.

2011 அக்டோபரில் கடாபி கொல்லப்பட்டார். அடுத்த இரண்டு ஆண்டுகளில் ஏராளமான புதிய இதழ்கள் தோன்றின. நீண்ட காலம் பெட்டிக்குள் இருந்த கையெழுத்துப் படிகள் அச்சேறின.

2014 இற்குப் பின்

இவ்வசந்தம் நீடிக்கவில்லை. 2014 மே 16 அன்று கலீஃபா ஹஃப்தர் பெங்காசியில் தமது படை நடவடிக்கையைத் தொடங்கினார். மே 26 அன்று "புர்னீக்" இதழின் ஆசிரியர் மிஃப்தாஹ் பூசைத் அதே நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். தேர்தல் நாளான சூன் 25 அன்று வழக்கறிஞர் சல்வா புகைகீஸ் தம் இல்லத்தில் கொல்லப்பட்டார். செப்டம்பர் 19 அன்று ஒரே நாளில் பெங்காசியில் பலர் கொலையுண்டனர். அமைதியை வலியுறுத்தி எழுதியும் பேசியும் வந்த 18 வயது தௌபீக் பென்சவுத் அவர்களுள் ஒருவர். கடாபி காலத்தில் எழுதுவோர் எவருக்கு அஞ்ச வேண்டும் என்பதையாவது அறிந்திருந்தனர். இப்போது கொலையாளி யார் என்பதே தெரியவில்லை. பலர் புனைபெயருக்கு மாறினர். பலர் நாட்டை விட்டு வெளியேறினர். புதின ஆசிரியர் ரசான் அல்-மக்ரபி செருமனிக்குச் சென்றார்.

நாட்டில் தங்கியோரின் சிக்கல்கள் வேறு வகையின. ஆப்பிரிக்காவிலேயே மிகுதியான எண்ணெய் இருப்புக் கொண்ட, எழுபது இலட்சம் அளவே மக்கள்தொகை உடைய நாட்டில், மின்சாரமும் ரொக்கமும் கிடைக்கவில்லை. இது வறுமையால் வந்த பற்றாக்குறை அன்று. நாடு முழுவதற்கும் பொதுவாக அமைந்த ஒற்றை அமைப்புகளை ஆயுதக் குழுக்கள் பணயமாகப் பிடித்ததால் வந்தது.

மின்சாரத்தை எடுத்துக்கொள்வோம். மின்தொகுப்பில் தேவை வழங்கலை விஞ்சினால், 50 எர்ட்சு என்னும் அலைவெண் குறையத் தொடங்கும். குறிப்பிட்ட அளவுக்குக் கீழே சென்றால் மின்னாக்கிகள் சேதமாகாதிருக்கத் தாமே விலகிக்கொள்ளும். ஒன்று விலகினால் சுமை மற்றவற்றின்மேல் ஏறும், அவையும் விலகும். இதைத் தவிர்க்கவே ஒவ்வொரு பகுதியிலும் முறைவைத்து மின்வெட்டுச் செய்யப்படுகிறது. லிபியாவில் சில நகரங்களும் பகுதிகளும் தங்கள் முறை வரும்போது துணைமின்நிலையத்தை அணைக்க விடவில்லை. அங்குப் பணிபுரிந்தோர் துப்பாக்கி முனையில் தடுக்கப்பட்டனர். ஆகவே எஞ்சிய பகுதிகளில் மின்வெட்டு இருமடங்காயிற்று. சில வேளை முழுத் தொகுப்பும் சரிந்தது. 2017 சனவரியில் மேற்கும் தெற்கும் ஒருசேர இருளில் மூழ்கின. கோடையில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேலான மின்வெட்டு வழக்கமாயிற்று. மின்சாரம் போனால் விளக்கு மட்டும் அணைவதில்லை. கைப்பேசிக் கோபுரத்தின் மின்கலம் சில மணி நேரமே தாங்கும். வீட்டுக் கிணற்றின் மின்னேற்றி ஓடாது. கணினியின் மின்கலமும் தீரும்.

குடிநீரும் இவ்வாறே. தென்பாலைவனத்தின் ஆழ்நிலத்தடி நீரை நான்கு மீட்டர் விட்டமுள்ள குழாய்களில் கடற்கரைக்குக் கொணரும் பெரும் செயற்கை ஆற்றுத் திட்டம் 1980களில் தொடங்கியது. அதன் நீர் 1991 இல் பெங்காசியையும் 1996 இல் திரிப்போலியையும் அடைந்தது. 2019 மே மாதத்திலும் 2020 ஏப்ரலிலும் ஆயுதக் குழுவினர் தெற்கே நீரை நிறுத்தியபோது, தலைநகரின் இருபது இலட்சம் மக்கள் தவித்தனர்.

பணத்தின் கதை இன்னும் விந்தையானது. 2014 இற்குப் பின் நடுவண் வங்கியே கிழக்கு, மேற்கு எனப் பிளவுபட்டது. கிழக்குக் கிளை 2016 முதல் உருசியாவில் தனியே தினார் தாள்களை அச்சிட்டுக் கொணர்ந்தது. அரசு ஊழியரின் சம்பளம் கணக்கில் ஏறும், ஆனால் வங்கியில் ரொக்கம் இராது. விடியுமுன் வரிசையில் நின்று சில நூறு தினார் பெற்றுத் திரும்புவர். ரொக்கத்துக்கு ஒரு விலை, காசோலைக்கு அதைவிடக் கூடிய விலை என ஒரே பொருளுக்கு இரு விலைகள் நிலவின. அரசு விகிதத்தில் ஓர் அமெரிக்க டாலர் ஏறத்தாழ 1.4 தினாராக இருக்க, 2017 இறுதியில் கறுப்புச் சந்தையில் 9 தினாரைத் தாண்டியது. 2021 சனவரியில் அரசு விகிதமே 4.48 தினாராக மாற்றப்பட்டது. நூல்களைக் கெய்ரோவிலோ பெய்ரூத்திலோ தூனிசிலோ அச்சிடும் எழுத்தாளருக்கு இவ்வேறுபாடு எத்தகைய சுமை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

குண்டுவீச்சினிடையே ஒரு புதினம்

2019 ஏப்ரல் 4 அன்று ஹஃப்தர் படைகள் திரிப்போலி மீது போர் தொடுத்தன. 2020 சூன் வரை நீடித்த இப்போரின் கடைசி மாதங்களில் கோவிட் ஊரடங்கும் சேர்ந்துகொண்டது. இக்காலத்தில் திரிப்போலியில் இருந்த முகம்மது அல்-நஆஸ், ஆறு மாதங்களில் தம் முதல் புதினத்தை எழுதி முடித்தார். எழுத்தே பித்துப் பிடிக்காமல் தம்மைக் காத்த புகலிடம் என்ற பொருளில் அவர் பின்னர்க் கூறியுள்ளார்.

"மிலாத் மாமாவின் மேசையில் ரொட்டி" எனப் பொருள்படும் தலைப்புடைய அப்புதினத்தில் போர் இல்லை என்பது குறிப்பிடத்தக்கது. ரொட்டி சுடும் கலையில் தேர்ந்த, வீட்டு வேலைகளைத் தானே செய்யும் ஒருவனை, "ஆண்மை" பற்றிய ஊராரின் எண்ணம் எவ்வாறு நசுக்குகிறது என்பதே கதை. குண்டு விழும் ஊரில் இருந்துகொண்டு, மாவு பிசைவதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். 2022 இல் அரபுப் புனைகதைக்கான பன்னாட்டுப் பரிசு இதற்கு வழங்கப்பட்டது. இப்பரிசைப் பெற்ற முதல் லிபியர் அவரே. பரிசு பெற்றதும் நாட்டில் பாராட்டுடன் கடும் வசவும் எழுந்தது. நூல் ஒழுக்கக்கேடானது எனப் பலர் சாடினர். இதற்கு முன்னும், 2017 இல், இளம் லிபிய எழுத்தாளர்களின் தொகுப்பு நூல் ஒன்று இதே காரணம் காட்டித் தாக்கப்பட்டது. அதில் எழுதியோருக்கு மிரட்டல்கள் வந்தன.

போர் 2020 அக்டோபர் 23 உடன்படிக்கையால் ஓய்ந்தது. எனினும் நவம்பர் 10 அன்று வழக்கறிஞர் ஹனான் அல்-பரஅசி பெங்காசியில் பட்டப்பகலில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 ஆம் ஆண்டின் 5 ஆம் எண் இணையக் குற்றத் தடுப்புச் சட்டம் "பொது ஒழுக்கம்" போன்ற வரையறையற்ற சொற்களால் இணைய எழுத்தைக் கட்டுப்படுத்துகிறது. 2023 பெப்ரவரியில் பெங்காசியில் பாடகி ஒருவர் உட்பட இருவர் இச்சட்டத்தின் கீழ்க் கைதாயினர்.

தெர்னா, 2023

கிழக்குக் கடற்கரையிலுள்ள தெர்னா, கவிதைக்கும் மல்லிகைக்கும் பெயர் பெற்ற நகரம். நகரின் நடுவே ஓடும் வாதியின்மேல் 1970களில் யுகோசுலாவிய நிறுவனம் ஒன்று கட்டிய இரு அணைகள் பல ஆண்டுகளாகப் பேணப்படவில்லை. உமர் அல்-முக்தார் பல்கலைக்கழகத்தின் நீரியல் ஆய்வாளர் அப்துல் வனீஸ் அஷூர் 2022 இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், பெருவெள்ளம் வந்தால் அணைகள் தாங்கா என எச்சரித்திருந்தார்.

2023 செப்டம்பர் தொடக்கத்தில் தெர்னாவின் பண்பாட்டு இல்லத்தில் இவ்வாபத்தைப் பற்றி ஒரு கூட்டம் நடைபெற்றது. அதில் பங்கேற்றவர்களுள் உள்ளூர்க் கவிஞர் முஸ்தஃபா அல்-திராபெல்சியும் ஒருவர். அந்நாள்களில் அவர் மழையைப் பற்றிய சிறு கவிதை ஒன்றை எழுதி வெளியிட்டார். செப்டம்பர் 10 இரவு டேனியல் புயல் பொழிந்த மழையில் இரு அணைகளும் ஒன்றன்பின் ஒன்றாக உடைந்தன. நகரின் பல பகுதிகள் கடலுக்குள் அடித்துச் செல்லப்பட்டன. 4,000க்கும் மேற்பட்ட இறப்புகள் பதிவாயின. மேலும் பல ஆயிரம் பேர் காணாமற்போயினர். இறந்தவர்களுள் அல்-திராபெல்சியும் ஒருவர்.

செப்டம்பர் 18 அன்று தப்பியோர் நகரின் பெரிய பள்ளிவாசல் முன் கூடிப் பொறுப்பானவர்கள் விலகவேண்டும் என முழங்கினர். மறுநாள் தெர்னாவின் தொலைபேசியும் இணையமும் நின்றுபோயின. ஒளியிழை வடம் அறுந்ததே காரணம் என அதிகாரிகள் கூறினர். அன்றே செய்தியாளர்கள் சிலர் நகரை விட்டு வெளியேறுமாறு பணிக்கப்பட்டனர். ஏறத்தாழ ஒரு நாளுக்குப் பின் இணைப்பு திரும்பியது. அதற்குள் அல்-திராபெல்சியின் கவிதை அரபு நாடுகளெங்கும் பரவியிருந்தது. அமெரிக்காவில் வாழும் லிபியக் கவிஞர் காலித் மத்தாவா அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்.